சாம்பியன்களின் தூக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரிய விளையாட்டு வீரர்களின் தூக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் அதே பத்துப் பதினைந்து கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில். என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவர்களில் பெரும்பாலோருக்குத் தூங்கத் தெரியாமல் இல்லை, தூங்க விடுவதில்லை. கோச் வைக்கும் நேரம், டிவிக்காரர் வைக்கும் நேரம், விமானம் புறப்படும் நேரம், இந்த மூன்றும் போக மிஞ்சுவதுதான் அவர்களுடைய ராத்திரி. மெத்தை, தலையணை, ஆப் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஃபெடரரும் லெப்ரானும் தினமும் 12 மணி நேரம் தூங்குவார்களாமே, உண்மையா?

அப்படித்தான் பல வருடமாகச் செய்தி சுற்றுகிறது. டென்னிஸ் ஃபெடரருக்கு 10 முதல் 12 மணி, கூடைப்பந்து லெப்ரான் ஜேம்ஸுக்கு 12 மணி, ஓட்டக்காரர் உசேன் போல்ட்டுக்கு 8 முதல் 10 மணி என்று படம் போட்ட பட்டியல் உங்கள் போனுக்கும் ஒருமுறையாவது வந்திருக்கும். அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ராத்திரித் தூக்கத்தையும் பகல் தூக்கத்தையும் கூட்டிச் சொன்னதா, படுக்கையில் கிடந்த நேரமா, கண் மூடித் தூங்கிய நேரமா, எதுவும் அதில் இருக்காது. நாமே "எட்டு மணி நேரம் தூங்கினேன்" என்று சொல்லும்போது விளக்கை அணைத்ததிலிருந்துதானே கணக்குப் போடுகிறோம்?

மணிக்கட்டில் கருவி கட்டி அளந்து பார்த்த ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. 2012இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில் ஒலிம்பிக் தரத்து வீரர்கள் 47 பேரைச் சாதாரண ஆட்களோடு ஒப்பிட்டார்கள். வீரர்கள் படுக்கையில் இருந்தது சராசரியாக 8 மணி 36 நிமிடம், ஆனால் தூங்கியது 6 மணி 55 நிமிடம்தான். சாதாரண ஆட்கள் படுக்கையில் இருந்த நேரம் அதைவிடக் குறைவு, தூங்கியதோ 7 மணி 11 நிமிடம். படுத்ததும் 5 நிமிடத்தில் அவர்கள் தூங்கிவிட்டார்கள், வீரர்களுக்கு 18 நிமிடம் பிடித்தது.

ஆஸ்திரேலியாவில் 2021இல் வந்த ஆய்வு இன்னும் நேராகக் கேட்டது: உங்களுக்கு எவ்வளவு தூக்கம் தேவை, எவ்வளவு கிடைக்கிறது? 12 விளையாட்டுகளைச் சேர்ந்த 175 பேர். தேவை என்று அவர்கள் சொன்னது சராசரியாக 8.3 மணி. அளந்தபோது கிடைத்தது 6.7 மணி. நூற்றுக்கு 71 பேருக்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பற்றாக்குறை. ஃபெடரர் 12 மணி தூங்கியிருக்கலாம், நான் மறுக்கவில்லை. அவர் விதிவிலக்கு என்பதைப் பட்டியல் போடுகிறவர்கள் சொல்வதில்லை.

அவ்வளவு ஓடி ஆடிய உடம்பு படுத்ததும் அடித்துப் போட்ட மாதிரி தூங்க வேண்டாமா?

நியாயமாகப் பார்த்தால் வேண்டும். ஆனால் அசதி வேறு, தூக்கம் வேறு. தூக்கம் வருவதற்கு உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும், மனசு அடங்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணி வரை ஓடியவருக்கு இரண்டும் நடக்காது. ஐபிஎல் மேட்சை எடுத்துக்கொள்ளுங்கள். 7.30க்கு ஆரம்பித்து 11.30ஐயும் தாண்டிப் போகிறது. கண் கூசும் விளக்குக்கு அடியில் நான்கு மணி நேரம், காதைக் கிழிக்கும் கூட்டம், நெஞ்சு படபடக்கும் கடைசி ஓவர், நடுவில் காஃபீன் போட்ட ஏதாவது பானம், அப்புறம் பரிசளிப்பு, பேட்டி, ஐஸ் குளியல், சாப்பாடு, பஸ். ஹோட்டல் அறைக்கு வந்து சேரும்போது மணி ஒன்றரை. அப்போது படுத்தாலும் விட்ட கேட்ச்தான் கண்ணுக்குள் ஓடும். புரண்டு புரண்டு படுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு கோடியில் இருப்பவர்கள் அதிகாலை ஆட்கள். நீச்சல், துடுப்புப் படகு, தடகளம். 2008 ஒலிம்பிக்குக்கு முன் ஆஸ்திரேலிய நீச்சல் வீரர்கள் சிலரை இரண்டு வாரப் பயிற்சி முகாமில் வைத்து அளந்தார்கள். காலை 6 மணிக்குத் தண்ணீரில் இறங்க வேண்டிய நாட்களுக்கு முந்தைய ராத்திரி அவர்கள் தூங்கியது 5.4 மணி நேரம். ஓய்வு நாளுக்கு முந்தைய ராத்திரி 7.1 மணி. சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காகச் சீக்கிரம் படுத்தால் போயிற்று என்று கோச்சுகள் சொல்வார்கள். உடம்பு அந்த நேரத்தில் தூங்கத் தயாராக இருக்காது. சாயங்காலம் ஏழெட்டு மணிக்குப் படுத்துப் பாருங்கள், தெரியும்.

சரி, கூடுதலாகத் தூங்கினால் ஆட்டம் உண்மையிலேயே கூடுமா?

இதற்கு எல்லோரும் காட்டுவது ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வை. செரி மா என்பவர் தலைமையில் நடந்தது, 2011இல் வெளிவந்தது. கல்லூரிக் கூடைப்பந்து அணியின் 11 பேரை முதலில் வழக்கம்போல் தூங்க விட்டு அளந்தார்கள், பிறகு 5 முதல் 7 வாரம் தினமும் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கப் பார்க்கச் சொன்னார்கள். மைதானத்தில் 282 அடி தூரத்தை முன்னும் பின்னுமாக ஓடும் நேரம் 16.2 நொடியிலிருந்து 15.5 நொடிக்கு இறங்கியது. ஃப்ரீ த்ரோ 9 சதவீதம் கூடியது, மூன்று புள்ளி ஷாட்டும் கிட்டத்தட்ட அதே அளவு. 2015இல் கல்லூரி டென்னிஸ் ஆட்டக்காரர்கள் 12 பேரை ஒரு வாரம் 9 மணி நேரமாவது தூங்கச் சொன்னதில் சர்வ் குறி தப்பாமல் விழுவது 36 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானது.

எண்கள் பளிச்சென்று இருக்கின்றன, ஆனால் கொஞ்சம் நிதானம். 11 பேர், 12 பேர் என்பது சின்னக் கூட்டம். ஸ்டான்ஃபோர்டில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவே இல்லை, சீசன் போகப் போகப் பழக்கத்தில் ஆட்டம் கூடியதா தூக்கத்தில் கூடியதா என்று முழுசாகப் பிரிக்க முடியாது. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான். அந்தப் பையன்கள் அதற்கு முன் தூக்கக் கடனில் இருந்தார்கள், கடன் அடைந்ததும் அவர்களுடைய இயல்பான ஆட்டம் வெளியே வந்தது. ஏற்கனவே நன்றாகத் தூங்குகிறவர் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துத் தூங்கினால் ஃப்ரீ த்ரோ கூடும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

ஃபைனலுக்கு முந்தைய ராத்திரி தூக்கமே வரவில்லை. அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. இந்த ஒரு பதிலை மட்டுமாவது ஆடுகிற பிள்ளைகளிடம் படித்துக் காட்டுங்கள். பெரிய போட்டிக்கு முந்தைய ராத்திரி சரியாகத் தூங்காமல் இருப்பது சகஜம். ஆஸ்திரேலிய முன்னணி வீரர்கள் 283 பேரிடம் கேட்டபோது 64 சதவீதம் பேர் கடந்த ஒரு வருடத்தில் முக்கியமான போட்டிக்கு முன் ஒருமுறையாவது வழக்கத்தைவிட மோசமாகத் தூங்கியதாகச் சொன்னார்கள். அதில் பெரும்பாலோருக்கு என்ன பிரச்சினை என்றால், படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை, மனசில் மேட்ச் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரே ஒரு ராத்திரி குறைந்தால் அதிகபட்ச பலம் பெரிதாக விழுவதில்லை, ஒருமுறை முழு மூச்சில் ஓடுவதும் பெரும்பாலும் தப்பிக்கிறது. முதலில் அடி வாங்குவது கவனம், சட்டென்று முடிவெடுப்பது, குறி. நீண்ட தூர ஓட்டத்தில் அதே வேகம் கூடுதல் கஷ்டமாகத் தெரியும். ஆனால் போட்டி நாளின் படபடப்பே இதில் பாதியை ஈடுகட்டிவிடும். ஒரு வாரம் தொடர்ந்து ஐந்தைந்து மணி நேரம் தூங்குவதுதான் ஆளைச் சாய்க்கும். "ஐயோ தூங்கவில்லையே" என்று விடிய விடியக் கவலைப்படுவதும்தான்.

விதிவிலக்கு, மல்யுத்தம் மாதிரியான எடைப் பிரிவு விளையாட்டுகள். அங்கே தூக்கம் வராமல் போவதில்லை, தூங்கவே நேரம் தருவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் ஒரே நாளில் மூன்று மேட்ச் ஜெயித்து, அதில் முதலாவதாக உலகமே பயந்த ஜப்பானின் சுசாகியைச் சாய்த்து, அதற்குப் பிறகு அன்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஓட்டம், நீராவி அறை, முடியை வெட்டுவது என்று எடையை இறக்கப் போராடினார். மறுநாள் காலையில் எடை பார்த்தபோது 50 கிலோவுக்கு 100 கிராம் அதிகம். ஃபைனலே இல்லை. எடை இறங்கியிருந்தால்கூட அந்த உடம்போடு மேடைக்குப் போவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ராத்திரி 3 மணி, 4 மணிக்கு டென்னிஸ் முடிகிறதே, அவர்கள் எப்போது தூங்குவார்கள்?

தூங்குவதில்லை, அதுதான் விஷயம். 2023 ஆஸ்திரேலிய ஓப்பனில் ஆண்டி மர்ரேயும் கொக்கினாகிஸும் ஆடிய ஆட்டம் 5 மணி 45 நிமிடம் நீண்டு விடியற்காலை 4.05க்கு முடிந்தது. ஜெயித்த மர்ரேயே இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கடுப்பாகிக் கேட்டார். அதற்கு முந்தைய வருடம் மெக்சிகோவின் அகபுல்கோவில் ஸ்வெரேவ் ஆடிய ஆட்டம் 4.54 வரை போனது. 2024 பிரெஞ்சு ஓப்பனில் ஜோகோவிச் 3.07க்கு முடித்தார், அடுத்த சுற்றில் ஐந்து செட் ஆடி ஜெயித்து, முழங்கால் காயத்தால் விலகிக்கொண்டார். காயத்துக்குத் தூக்கம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஆட வைத்த அட்டவணையை ஒரு டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க முடியுமா? 2024 தொடக்கத்தில் ஆண்கள், பெண்கள் டென்னிஸ் சங்கங்களான ஏடிபியும் டபிள்யூடிஏவும் ராத்திரி 11க்கு மேல் எந்த ஆட்டத்தையும் ஆரம்பிக்கக் கூடாது என்று விதி கொண்டுவந்தன. கிராண்ட் ஸ்லாம் போட்டிகளை அந்த விதி கட்டுப்படுத்தாது, அவை தனி ராஜ்ஜியம்.

ஒலிம்பிக் நீச்சலில் இதைவிட வேடிக்கை. 2008 பெய்ஜிங்கில் ஃபைனல்கள் காலையில், 2016 ரியோவில் ராத்திரி 10 மணிக்கு மேல், டோக்கியோவில் திரும்பவும் காலையில். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. அமெரிக்க வீடுகளில் சாயங்கால டிவி நேரத்துக்கு அது பொருந்த வேண்டும். ரியோவில் அரையிறுதி நீந்தி, ஊக்கமருந்து சோதனைக்குச் சாம்பிள் கொடுத்து, சாப்பிட்டுப் படுக்கும்போது விடியற்காலை ஆகிவிடும் என்பதால் பல அணிகள் முன்கூட்டியே வாரக்கணக்கில் தூக்கத்தைத் தள்ளிப்போட்டுப் பழகின.

நம்ம ஊர்ப் பையன் கதையும் இதே சேர்த்திதான். 2022இல் பிரக்ஞானந்தா ஐரோப்பிய நேரத்துக்கு நடந்த ஆன்லைன் சதுரங்கப் போட்டிகளைச் சென்னையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தார், வயது 16. பிப்ரவரியில் அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சனை வென்ற ராத்திரி எப்படிக் கொண்டாடப் போகிறீர்கள் என்று கேட்டால், படுத்துத் தூங்கப் போகிறேன், விடியற்காலை இரண்டரைக்குச் சாப்பிடவா முடியும் என்றார். மே மாதம் அனிஷ் கிரியைத் தோற்கடித்து ஃபைனலுக்குப் போனபோது மணி 2, காலை 8.45க்குப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புத் தேர்வு. சதுரங்கம் விளையாட்டா இல்லையா என்ற சண்டையை வேறு நாள் வைத்துக்கொள்ளலாம். தூக்கக் கணக்கில் அவரும் டென்னிஸ்காரர்களும் ஒரே கட்சி.

பகலில் தூங்கினால் சோம்பேறி என்கிறார் அப்பா. வீரர்கள் தூங்குகிறார்களே?

உங்கள் அப்பாவிடம் எலியட் கிப்சோகேயைக் காட்டுங்கள். கென்யாவில் கப்டகட் முகாமில் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் படுத்து, காலை ஆறுக்கெல்லாம் ஓடக் கிளம்பி, மதியம் கொஞ்சம் கண் அசந்து, சாயங்காலம் மறுபடி ஓடுகிறவர். மாரத்தானை 2 மணி நேரத்துக்குள் ஓடிக் காட்டிய மனிதரைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. உலகக் கோப்பைப் பனிச்சறுக்கில் 100 வெற்றிகளைத் தாண்டிய மிக்கேலா ஷிஃப்ரின் குட்டித் தூக்கத்துக்கே பேர்போனவர். போல்ட் 2008இல் 100 மீட்டரை 9.69 நொடியில் ஓடிய அன்று மதியம் சிக்கன் நக்கெட்ஸ் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கியதை அவரே சொல்லியிருக்கிறார். சுமோ வீரர்களுக்குப் பகல் தூக்கம் தொழிலில் ஒரு பகுதி. காலையில் வெறும் வயிற்றில் பயிற்சி, அப்புறம் வயிறு முட்டச் சாங்கோ என்ற கறிக்குழம்பு, உடனே படுக்கை. அது உடம்பு போடுவதற்கு, நாம் பின்பற்ற வேண்டாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2023 ஜூனில் லண்டன் ஓவல் கிரிக்கெட் மைதானத்தில் நடந்தது. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல், அடுத்து இறங்க வேண்டிய ஆஸ்திரேலியாவின் லபுஷேன் பேட் கட்டிக்கொண்டு பால்கனி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறார். சிராஜ் வார்னரை எடுத்த சத்தத்தில் விழித்து, கிளவுஸைத் தேடிக்கொண்டு எழுந்தார். கண்ணுக்கு ஓய்வு கொடுத்தேன் என்று பிறகு விளக்கம் வேறு.

அளவு என்று கேட்டால், மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள் 20, 30 நிமிடம். முந்தைய ராத்திரி நான்கு மணி நேரமே தூங்க விட்டவர்களை மதியம் அரை மணி தூங்க வைத்து ஓட விட்ட 2007ஆம் வருட ஆய்வில் ஸ்பிரிண்ட் நேரம் தெளிவாகக் குறைந்தது. நீளமாகத் தூங்குவதென்றால் ஒன்றரை மணி நேரம். நடுவில் ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பினால் அரை மணி நேரத்துக்கு மந்தமாக இருக்கும், அதோடு நேராக வார்ம்-அப்புக்குப் போகாதீர்கள்.

ரொனால்டோ ஒன்றரை மணி நேரமாகத் துண்டு துண்டாகத் தூங்குவாராமே?

அந்தக் கதையின் வேர் நிக் லிட்டில்ஹேல்ஸ். 1990களின் கடைசியில் ஃபெர்குசன் மேலாளராக இருந்த காலத்து மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியோடு வேலை பார்க்க ஆரம்பித்து, ரொனால்டோ ஆடிய ரியல் மாட்ரிட் வரை போன தூக்க ஆலோசகர். 90 நிமிடம் ஒரு சுற்று, வாரத்துக்கு 35 சுற்று என்பது அவருடைய கணக்கு. ஒரு ராத்திரி போனால் பதறாமல் வாரத்தில் சரிக்கட்டு என்ற யோசனை நல்ல யோசனை. ஆனால் தூக்கச் சுற்று எல்லாருக்கும் 90 நிமிடம் கிடையாது, ஒரே ஆளுக்கே ஒரே ராத்திரியில் 70லிருந்து 120 நிமிடம் வரை மாறும். ஆகவே அலாரத்தை 90இன் மடங்கில் வைத்து அறிவியல் என்று சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

உண்மையிலேயே துண்டு துண்டாகத் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள், வேறு வழியில்லாதவர்கள். வாந்தே குளோப் என்ற பந்தயத்தில் தனியாளாக, எங்கும் நிற்காமல், பாய்மரப் படகில் உலகைச் சுற்ற வேண்டும். 20 நிமிடம், 40 நிமிடம் என்று கோழித் தூக்கம்தான், இரண்டு மாதத்துக்கு மேல். 2021 ஜனவரியில் ஜெர்மனியின் போரிஸ் ஹெர்மன் முடிவுக் கோட்டுக்குச் சுமார் 90 மைல் முன்னால், முதல் சில இடங்களில் இருந்தபோது, ஒரு மீன்பிடிப் படகில் மோதினார். அப்போது தூங்கிக்கொண்டிருந்தார், எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. வீட்டில் மெத்தை இருக்கிறவர் இதை வாழ்க்கை முறையாக எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் என்ன?

மெத்தை, ஏசி, அட்டைக் கட்டில்?

இருள், குளிர்ச்சி, அமைதி. லெப்ரான் 2018இல் ஒரு பேட்டியில் சொன்னதும் இதுதான்: அறை 20, 21 டிகிரி, கும்மிருட்டு, படுப்பதற்கு அரை மணி முன்னால் திரை எல்லாம் அணைப்பு, மழைச் சத்தம். டீம் ஸ்கை சைக்கிள் அணி டூர் டி ஃபிரான்ஸில் வீரர்களின் மெத்தையையும் தலையணையையும் வண்டியில் ஏற்றி ஹோட்டல் ஹோட்டலாகக் கொண்டுபோனது. 2015 இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தில் ஒரு படி மேலே போய் ரிச்சி போர்ட்டுக்குத் தனியாக வீட்டு வண்டியே நிறுத்தினார்கள். மற்ற அணிகள் முகம் சுளிக்க, எல்லாரும் ஏற்பாட்டாளர் கொடுக்கும் ஹோட்டலில்தான் தூங்க வேண்டும் என்று சர்வதேச சைக்கிள் சங்கம் விதி போட்டுவிட்டது.

டோக்கியோ ஒலிம்பிக்கின் அட்டைக் கட்டில் இரண்டு பேர் ஏறினால் உடைந்துவிடும் என்று வந்த வதந்தியை ஐரிஷ் ஜிம்னாஸ்ட் ஒருவர் அதன்மேல் குதித்துக் காட்டியே முடித்து வைத்தார், 200 கிலோ தாங்கும். 2024 பாரிஸில் பிரச்சினை கட்டில் இல்லை, சூடு. சுற்றுச்சூழலுக்காக ஏசி இல்லாமல் ஒலிம்பிக் கிராமம் கட்டினார்கள், பணக்கார நாடுகள் காசு கொடுத்து ஏசி வரவழைத்தன. முதுகு நீச்சலில் தங்கம் வாங்கிய இத்தாலியின் தாமஸ் செக்கோன் புல்தரையில் துண்டு விரித்துப் படுத்திருந்த படம் உலகம் முழுக்க ஓடியது. காசுள்ள நாடு குளிரில் தூங்கும், இல்லாத நாடு வியர்வையில் தூங்கும். சுற்றுச்சூழல் கணக்கில் இதையும் யாராவது எழுதியிருக்கலாம்.

உயரக் கூடாரத்துக்குள் தூங்குவது எதற்கு?

ஆக்ஸிஜன் குறைவான காற்றில் பல மணி நேரம் இருந்தால் உடம்பு சிவப்பணுக்களைக் கூட்டும், ஆனால் அங்கேயே பயிற்சி செய்தால் வேகம் வராது. அதனால் உயரத்தில் தங்கு, கீழே வந்து ஓடு என்ற முறை 1997 வாக்கில் அமெரிக்க ஆய்வாளர்களால் பிரபலமானது. மலைக்குப் போக முடியாதவர்கள் ஆக்ஸிஜனைக் குறைத்த கூடாரமாகப் படுக்கையறைக்குள் மலையைக் கொண்டுவந்தார்கள். நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 8,500 அடி உயரத்துக்கு ஈடான அறைக்குள் தூங்கியவர். சிக்கல் என்னவென்றால் தினமும் 12 மணி நேரமாவது உள்ளே இருந்தால்தான் பலன் தெரியும், எட்டு மணி நேரம் போதாது. அந்தக் காற்றில் தூக்கமும் அடிக்கடி கலையும். உலகத் தரத்தில் இல்லாதவர்கள் அந்தக் காசுக்கு ஒரு நல்ல திரைச்சீலை வாங்கிப் போடலாம்.

விமானத்தில் தூர தேசம் போய் நேரம் மாறுவதால் வரும் ஜெட் லேக்?

மேற்கே போவது சுலபம், கிழக்கே போவது கஷ்டம், ஏனென்றால் நம் உடம்புக் கடிகாரம் 24 மணியைவிடக் கொஞ்சம் நீளம், தள்ளிப்போடச் சொன்னால் கேட்கும், முன்னால் இழுத்தால் முரண்டு பிடிக்கும். ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்பது பழைய கணக்கு. இந்திய அணிக்கு டோக்கியோவும் பாரிஸும் ஒரே தூரம், மூன்றரை மணி நேரம், ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வித்தியாசம் பன்னிரண்டரை மணி நேரம், பகல் அப்படியே ராத்திரி. மூன்று நாள் முன்னால் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டுப் பதக்கம் எங்கே என்று கேட்டால் அது வீரர் தப்பில்லை. இரண்டு வாரம் முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டும், அதற்கு இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.

தூக்க மாத்திரை, மெலடோனின், காபி?

மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனும் வழக்கமான தூக்க மாத்திரைகளும் ஊக்கமருந்துப் பட்டியலில் இல்லை. அதனால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குச் சற்று முன் ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டி தன் வீரர்களுக்கு ஸ்டில்நாக்ஸ் என்ற தூக்க மாத்திரையைத் தடை செய்தது. தடையையும் மீறி ஆண்கள் 4x100 நீச்சல் ரிலே அணியினர் மான்செஸ்டர் முகாமில் அதைப் போட்டுக்கொண்டு கூத்தடித்தது அடுத்த வருடம் வெளியே வந்தது. தங்கம் நிச்சயம் என்று போன அணி நான்காவதாக வந்தது. கடையில் விற்கும் மெலடோனின் மிட்டாய்களில் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருக்கும் அளவும் ஒத்துப்போவதில்லை, சோதனைக்கு உட்படும் வீரர் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

காபியில் இருக்கும் காஃபீனை 2004இல் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், அன்றிலிருந்து எல்லாரும் காபி குடிக்கிறார்கள். உடம்பில் போன காஃபீனில் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. ராத்திரி மேட்சுக்குப் போடுகிறவர் அந்த ராத்திரியைச் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்.

ஸ்மார்ட் வாட்ச் ஸ்கோரை நம்பலாமா?

எத்தனை மணிக்குப் படுத்தேன், எழுந்தேன் என்பதற்கு நம்பலாம். ஆழ்ந்த தூக்கம் 47 நிமிடம் என்று அது சொல்வதை நம்ப வேண்டாம். காலையில் நன்றாக எழுந்துவிட்டு ஸ்கோரைப் பார்த்ததும் சோர்ந்து போகிறவர்களை டாக்டர்களே பார்த்து, 2017இல் அதற்கு ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். போட்டி நாள் காலையில் பார்க்கவே கூடாது.

போனைப் பிடுங்கி வைப்பது சரியா?

பேட்மின்டன் கோச் கோபிசந்த் செய்தார். ரியோவுக்கு முன் மூன்று மாதம் அவரிடம் பயின்ற சிந்துவிடம் போன் இல்லை, வெள்ளி வாங்கிய பிறகு திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். தூக்கத்துக்காக மட்டும் அல்ல, கவனம் சிதறாமல் இருக்க. வளர்ந்த ஆளிடம் பிடுங்கினால் சண்டைதான் வரும். ராத்திரி மட்டும் வேறு அறையில் வைத்தால் போதும்.

குறட்டை விடும் வீரர்?

சிரித்துவிட்டுப் போகாதீர்கள். பெரிய உடம்பு, தடித்த கழுத்து உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் அதிகம், அமெரிக்கக் கால்பந்து லைன்மேன்கள், சுமோ வீரர்கள், நம் ஊர்ப் பளுதூக்குகிறவர்கள், குண்டு எறிகிறவர்கள். எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண்ணைச் சுழற்றினால் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

என் பொண்ணுக்கு 13 வயது, காலை 5 மணிக்கு நீச்சல். சரியா?

இந்தக் கேள்விதான் தமிழ்நாட்டில் அதிகம் வருகிறது. கணக்குப் போடுங்கள். 4.15க்கு எழுப்பல், நீச்சல், பள்ளிக்கூடம், டியூஷன், வீட்டுப் பாடம், படுக்க 10.30, 11. அதாவது ஐந்தே காலிலிருந்து ஐந்தே முக்கால் மணி நேரம், கிட்டத்தட்ட அந்த ஆஸ்திரேலிய ஒலிம்பிக் நீச்சல்காரர்களின் 5.4 மணி. அவர்களுக்காவது டியூஷன் கிடையாது. 13 முதல் 18 வயதுக்கு வேண்டியது 8 முதல் 10 மணி. அந்த வயதில் உடம்புக் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, சீக்கிரம் படு என்று திட்டிப் பயனில்லை. அமெரிக்காவில் 112 பள்ளி விளையாட்டு வீரர்களைப் பார்த்த 2014 ஆய்வில், 8 மணிக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு.

வாரத்தில் ஆறு நாள் அதிகாலை என்றால் அதில் மூன்றைச் சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா என்று கோச்சிடம் கேளுங்கள். நம் வெயிலில் காலைதான் முடியும் என்பது உண்மை, ஆனால் 5 மணிக்கும் 6 மணிக்கும் வெயிலில் பெரிய வித்தியாசமில்லை. கோச் ஒத்துவரவில்லை என்றால் குறைக்க வேண்டியது டியூஷனை. இரண்டும் வேண்டும், தூக்கமும் வேண்டும் என்றால் நாளில் மணி போதாது.

ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தூங்கிச் சரிக்கட்டலாமா?

கொஞ்சம் சரியாகும், முழுசாக ஆகாது. மதியம் பன்னிரண்டு வரை தூங்கினால் ஞாயிறு ராத்திரி தூக்கம் வராமல் திங்கட்கிழமை இன்னும் மோசமாகும், வழக்கத்தைவிட ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். முன்கூட்டிச் சேர்த்து வைப்பது இதைவிட நன்றாக வேலை செய்கிறது. பெரிய போட்டிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே தினமும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டே வந்தால், கடைசி ராத்திரி புரண்டு படுத்தாலும் தாங்கும். மாவட்டப் போட்டி பொங்கல் லீவு முடிந்த கையோடு வருகிறது என்றால் லீவில் காலைப் பயிற்சியை ஏழு மணிக்குத் தள்ளி வையுங்கள், கோச் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.